என் மாத்திரை அட்டையில் கை வைத்த மகனுக்கு

தம்பி,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "சூப்பரா இருக்கேன்மா" என்பாய். உன் நலத்தை நீ சொல்லி நான் தெரிந்துகொண்ட காலம் இந்தத் துர்க்கா பூஜையோடு முடிந்தது. போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். பேசத்தான் பார்த்தேன். ஒரு தரம் மீட்டிங் என்றாய், ஒரு தரம் மெட்ரோவில் சிக்னல் இல்லை என்றாய், கடைசித் தரம், "அம்மா, கல்யாணம் முடியட்டும், எல்லாத்தையும் பாத்துக்கலாம்" என்றாய். அந்த "எல்லாத்தையும்" என்ற சொல்லில்தான் மாட்டிக்கொண்டாய். நான் கேட்டது சாப்பிட்டாயா என்று மட்டும்தான். அதனால் எழுதுகிறேன். கடிதத்தை அப்பா கல்கத்தாவின் மறுகோடியில் இருக்கும் உன் சால்ட் லேக் அறைக்கே கொண்டுவந்து தருவார். நீ படித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். துறைமுக அலுவலகத்தில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் காத்திருந்தே ஓய்வு பெற்றவர் அவர், சலிக்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடு.

பூஜைக்கு நீ பெஹாலாவில் நம் வீட்டில் இருந்த நாட்களில் உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அம்மா பார்ப்பது வேறு, கடைக்காரி பார்ப்பது வேறு. அம்மாவின் கண்ணுக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது, பையன் இளைத்து அழகாகிவிட்டான். கடைக்காரியின் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. ஃபிரிட்ஜில் நிரப்பி வைத்த தண்ணீர் பாட்டில் எல்லாம் எப்போது பார்த்தாலும் காலி. பெல்ட்டில் ஆணி வைத்துக் குத்திய புது ஓட்டை. தட்டில் வைத்த தோசை போன இடம் தெரியவில்லை, ஆனால் உடம்பு மட்டும் கரைகிறது. சாப்பிட்ட கையோடு சோபாவில் உட்கார்ந்தபடியே உறக்கம். ஊரே பந்தல் பந்தலாகப் போய் துர்க்கையின் முகத்தைப் பார்த்தது. நீ ஒவ்வொரு பந்தலிலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்தாய். இது எல்லாவற்றுக்கும் மேலே என் மாத்திரை அட்டை. என் சர்க்கரை மாத்திரையில் எவ்வளவு மிச்சம் என்று எனக்குத் தெரியாதா? இருப்புப் பார்க்காமல் ஒரு நாளும் கடை அடைத்தவள் இல்லை நான். ஓர் அட்டையைக் காணோம், இன்னொன்று மெலிந்திருந்தது. அப்பாவைக் கேட்டேன். "நான் எதுக்கு உன் மாத்திரையத் தொடுறேன்? என் பிரஷர் மாத்திரையே எனக்கு மறந்துபோகுது" என்றார். எலி தின்றிருந்தால், தின்ற இடத்தை ஒழுங்காக அமுக்கி டப்பாவுக்குள் திருப்பி வைத்திருக்காது. மிச்சம் இருப்பது நீதான்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. திருடினாலும் மாத்திரையைத் திருடுகிற பிள்ளையைப் பெற்றிருக்கிறேனே என்று. பிறகுதான் புரிந்தது. உனக்கே சந்தேகம் வந்திருக்கிறது, "நமக்குச் சர்க்கரையோ" என்று. சந்தேகம் வந்தது புத்திசாலித்தனம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்தை டாக்டரிடம் கொண்டுபோகாமல் என் டப்பாவிடம் கொண்டுபோனாயே, அது உன் அம்மா செய்த முட்டாள்தனத்தின் வாரிசு. நான் கட்டிய வீடு இருக்கிறது, காளிகாட்டில் கடை இருக்கிறது. என் சொத்தில் முதல் பங்காக இதைத்தானா எடுத்துக்கொள்ள வேண்டும்? உனக்குத் தெரியாமலே நடந்த கதை அது. நீ அப்போது புவனேஸ்வரில் ஹாஸ்டலில் இருந்தாய். "பையனுக்குப் பரீட்சை நேரம், சொல்லாதீங்க" என்று அப்பாவின் வாயை நான்தான் கட்டிப்போட்டேன். இப்போது அவிழ்த்துவிடுகிறேன்.

நான் எப்படிப் புடவை விற்க ஆரம்பித்தேன் என்பது உனக்குத் தெரியும். அருப்புக்கோட்டையிலிருந்து மாமா ரயிலில் போட்டு அனுப்புகிற நூல் புடவைக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலிகஞ்ச் அடுக்குமாடி வீடுகளில் மாடி மாடியாக ஏறினேன். வங்காளப் பெண்களுக்கு நம் பக்கத்து நூல் சேலை மேல் ஓர் ஆசை, வெயிலுக்கு உடம்பில் ஒட்டாது என்று. ஆனால் நான் ஏன் ஜெயித்தேன் என்பதை உனக்குச் சொன்னதில்லை. தொழில் ரகசியம். இந்த ஊரில் வீட்டுப்படி ஏறியவர்களுக்கு ஒரு தட்டில் இனிப்பும் ஒரு தம்ளர் தண்ணீரும் வராமல் இருக்காது. விற்க வந்தவளுக்கும் வரும். என்னோடு வந்த மற்ற வியாபாரிகள், "இருக்கட்டும், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள். நான் தட்டைத் துடைத்து வைப்பேன். தன் வீட்டு சந்தேஷை ருசித்துச் சாப்பிட்ட ஒருத்தியை எந்த வங்காளத்து அம்மாவும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டாள். இரண்டாவது வைத்தால் இரண்டாவது புடவையும் போகும். இதைக் கண்டுபிடித்த பிறகு நான் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. காலையில் ஏறிய முதல் வீட்டிலிருந்து சாயங்காலம் இறங்கும் கடைசி வீடுவரைக்கும் ரசகுல்லா, சந்தேஷ், மிஷ்டி தோய். கடை போட்ட பிறகும் பழைய வீடுகளுக்குப் போவதை விடவில்லை. பெரிய விற்பனை எல்லாம் சோபாவில்தான் நடக்கும், கடையில் இல்லை. சாப்பாடு என்று ஒன்றை நான் தனியாகச் சாப்பிட்டதாகவே நினைவில்லை. இனிப்பைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்ததும் இல்லை. அது வியாபாரச் செலவு.

தாகம் எடுக்க ஆரம்பித்தபோது மாடி ஏறுவதால் என்று நினைத்தேன். கல்கத்தாப் புழுக்கத்தில் யாருக்குத் தாகம் எடுக்காது? அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது, குடித்த தண்ணீர் வெளியே போகத்தானே வேண்டும் என்று சமாதானம். உடம்பு இளைத்தது. அதில் சந்தோஷம் வேறு! பழைய ரவிக்கை எல்லாம் தொளதொளத்தது, வாடிக்கைக்காரிகள் "என்ன பண்ணுறே, எங்களுக்கும் சொல்லு" என்று கேட்டார்கள். நான் மாடிப்படி மகாத்மியம் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன் தம்பி, எல்லாம் நியாயமான காரணங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தப்பே இல்லை. நீயும் அப்படித்தான் வைத்திருப்பாய். வேலை அழுத்தம், ஏசி அறை, கல்யாண அலைச்சல். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.

எனக்கு அதைச் செய்தவள் மித்ரா பௌதி. பௌதி என்றால் அண்ணி, இந்த ஊரில் வாடிக்கைக்காரியையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் என்னை ஷாரி தீதி என்பாள், புடவை அக்கா. பாலிகஞ்சில் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, வாய் உண்டு. ஒரு நாள் அவளுக்கு டிசைன் இல்லாத சாதாச் சேலை வேண்டும் என்றாள். கட்டிலிருந்து ஒன்றை உருவி விரித்து, "ப்ளெயின், பௌதி. ஒரு புள்ளிகூடக் கிடையாது" என்று சத்தியம் செய்தேன். அவள் புடவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஷாரி தீதி, இதா ப்ளெயின்? இதுல உக்காந்து சதுரங்கம் ஆடலாம் போலிருக்கே!" குனிந்து கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொடிக் கட்டம். புடவை முழுக்க. நான் கையால் தடவி வாங்கிய சரக்கு, என் கண்ணுக்கே தெரியவில்லை. கண்ணாடி பழசாகிவிட்டது என்றேன். "போன தடவைதானே புதுசு மாத்தினேன்னு காட்டினே?" என்றாள். அப்புறம் மேஜை மேல் இருந்த ஜாடியைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. "நீ வந்து உக்காந்ததுலேருந்து முழு ஜாடி. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போ. போயிட்டு வந்து சொன்னாத்தான் இனிமே உங்கிட்ட புடவை."

இந்த இடத்தில்தான் உன் அம்மா தன் புத்தியைக் காட்டினாள். பௌதி டாக்டரிடம் போகச் சொன்னாள். நான் நேரே ரத்தப் பரிசோதனைக் கடைக்குப் போனேன். டாக்டரிடம் போனால் கேள்வி கேட்பார், லேபில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், காகிதம் மட்டும் கொடுப்பார்கள் இல்லையா? எனக்கு வேண்டியது பௌதியிடம் காட்ட ஒரு காகிதம். அதுவும் சும்மா போகவில்லை. புடவைத் தொழிலில் ஒரு வித்தை உண்டு, நீ கடையில் வளர்ந்தவன், பார்த்திருப்பாய். நெசவில் எங்காவது ஓர் இழை விட்டிருந்தால், அந்த இடம் உள்ளே போகிற மாதிரி மடித்து வைப்போம். மேலே முந்தானையும் கரையும் ஜொலிக்கும். பொய் சொல்வதில்லை, பிரித்துக் காட்டு என்று கேட்டால் காட்டுவோம். கேட்காதவர்களுக்கு முந்தானை. அந்த வித்தையை என் ரத்தத்திடமே காட்டினேன். பரிசோதனைக்கு முந்தைய நாலைந்து நாள் பாலிகஞ்ச் பக்கமே போகவில்லை. இனிப்பு கிடையாது, சோறு கிடையாது. மோர், வெள்ளரிக்காய், காளிகாட் சந்துகளில் விறுவிறு நடை. வெறும் வயிற்று ரத்தம் கொடுத்தேன். காகிதம் சுத்தமாக வந்தது. வரம்புக்குள்ளே, விளிம்பைத் தொட்டபடி. அதைக் கொண்டுபோய் பௌதியிடம் நீட்டினேன். அவள் சந்தோஷத்தில் உள்ளே போய் ரசகுல்லாவோடு வந்தாள். சாப்பிட்டேன். அன்றைக்கு இரண்டு புடவை.

அந்த வருஷம் பூஜைக்கு வாங்கிய புதுச் செருப்பு காலைக் கடித்தது. குதிகாலில் சின்னப் புண். ஆறவில்லை. மஞ்சள் வைத்தேன், களிம்பு போட்டேன், மாமா சொல்லி நாவல் கொட்டைப் பொடிகூடத் தின்றேன். மாடி ஏறும்போது நொண்டுவதைப் பார்த்துவிட்டு பௌதி கட்டைப் பிரிக்கச் சொன்னாள். புடவைக் கட்டை இல்லை, காலில் சுற்றியிருந்த கட்டை. பார்த்துவிட்டுச் சொன்னாள், "காகிதம் நல்லாருக்கு தீதி. கால் நல்லால்லையே." அன்றைக்குப் புடவைக் கட்டைப் பிரிக்காமலே இறங்கி வந்தேன்.

அப்பா என்னைக் காளிகாட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். நான் லேப் காகிதத்தை முந்தானை மாதிரி மேலே விரித்து வைத்தேன். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு முந்தின வாரம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "எப்பவும் போலத்தான் டாக்டர்." பக்கத்தில் அப்பா தொண்டையைச் செருமினார். முறைத்தேன். பயனில்லை, அவரே போட்டுக்கொடுத்தார். "மோரும் வெள்ளரிக்காயும் டாக்டர். அப்புறம் ஒரே நடை. செருப்பே அதுலதான் தேஞ்சு, புதுசு வாங்க வேண்டி வந்துச்சு." டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் படிக்கிற பிள்ளையா நீங்க? சரி, குடும்பத்துல யாருக்காவது சுகர் இருக்கா?" எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, "எங்க அம்மாவுக்கு உண்டு டாக்டர், ஆனா அவங்க அருப்புக்கோட்டைல இருக்காங்க" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சுகர் டிக்கெட் வாங்கிட்டு ரயில்ல வராதும்மா. உங்ககூடவே வந்திருக்கும்." அப்பா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார். உன் கல்யாணத்திலும் சொல்வார், தடுக்க முடியாது.

பிறகு விளக்கிச் சொன்னார். வெறும் வயிற்று ரத்தம் அன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும். இன்னொரு பரிசோதனை இருக்கிறது, இரண்டு மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டிவிடும், நாலு நாள் பட்டினி அதனிடம் செல்லாது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இது முந்தானையைப் பார்த்துவிட்டுப் போகிற கிராக்கி இல்லை, ஆறு கஜத்தையும் பிரித்துப் போடச் சொல்கிற கிராக்கி. பிரித்தார்கள். அங்கங்கே இல்லை, நெடுக இழை விட்டிருந்தது. சர்க்கரை நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் பார் தம்பி, அதற்கப்புறம்தான் எல்லாம் சரியாக ஆரம்பித்தது. கண்ணுக்கு ஒரு டாக்டரிடம் அனுப்பினார், சிறுநீரகத்துக்குப் பரிசோதனை, பாதத்தில் ஒரு ஊசி நுனி பட்டால் தெரிகிறதா என்று பார்த்தார், பிறகுதான் எனக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்று எழுதினார். புண்ணுக்குத் தனி வைத்தியம் செய்து, நாள் எடுத்துக்கொண்டு ஆறியது. கண் தெளிந்தது. பொடிக் கட்டம் இப்போது எட்ட நின்றாலே தெரிகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீ கிழித்துப் போட்டுக்கொண்ட அந்த மாத்திரை எனக்காக அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. உனக்குச் சேராது. அதையும் நேற்று அந்த டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், உன் பெயரைச் சொல்லாமல், "தெரிஞ்ச பையன் ஒருத்தன்" என்று. அவருக்குப் புரியாமலா இருக்கும்? அவர் சொன்னது இதுதான். சர்க்கரையிலேயே வகை உண்டு. சின்ன வயதில், வேகமாக இளைத்துக்கொண்டே வந்தால், அது அம்மாவுக்கு வந்த வகைதான் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. சிலருக்கு மாத்திரை போதாது, இன்சுலினே தேவைப்படும். சிலருக்குச் சர்க்கரையே இருக்காது, தைராய்டு மாதிரி வேறு ஏதாவது இருக்கும். பார்க்காமல் சொல்ல முடியாது. "பையன் மாத்திரை போட்டதை மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லணும், முடிஞ்சா அந்த அட்டையையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். ஆகவே மிச்சம் இருப்பதைத் தூக்கி எறியாதே, விழுங்காதே, கொண்டு வா. இன்னொன்றும் சொன்னார், அதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. வாந்தி வந்தாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை கிறுகிறுத்து ஒரு மாதிரி மயக்கமாக இருந்தாலோ, எனக்குப் போன் பண்ணக்கூடக் காத்திருக்காதே. பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அந்த நிமிஷமே போ. அறையில் கூட இருக்கிற பையன்களிடமும் சொல்லி வை. இப்போதே உனக்கு அப்படி ஏதாவது இருந்தால், கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கிற அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. அதற்கும் சேர்த்துத்தான் அவரை அனுப்பியிருக்கிறேன்.

சர்க்கரை என்று சொல்லிவிட்டால் வாழ்க்கை கசந்துவிடும் என்று பயப்படுகிறாயோ? என்னைப் பார். நான் அழுதது டாக்டரிடம் இல்லை. அடுத்த முறை பௌதி வீட்டுப் படியேறும்போதுதான். இனி இனிப்பை மறுக்க வேண்டும், மறுத்தால் வியாபாரம் போச்சு, இவ்வளவு வருஷம் கட்டிய கோட்டை ஒரு சந்தேஷில் இடியப் போகிறது என்று. தட்டு வந்தது. கும்பிட்டுக்கொண்டே, "பௌதி, எனக்குச் சர்க்கரை" என்றேன். அவள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சரி, இந்த வீடு போயிற்று என்று கட்டைக் கட்ட ஆரம்பித்தேன். வெள்ளரிக்காயும் கொஞ்சம் பொரியும் கலந்து, பச்சை மிளகாயும் கடுகெண்ணெயும் போட்டு வேறு ஒரு தட்டோடு வந்தாள். "இவருக்கு நான் பண்ற பொரி. சாப்பிடு. உனக்குன்னு தனியா ஒண்ணு பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை." அன்றைக்கு மூன்று புடவை எடுத்தாள். அவர்கள் இத்தனை வருஷம் விலை கொடுத்தது நான் தின்ற சந்தேஷுக்கு இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் தொழில் ரகசியம் என்று நான் நினைத்ததில் பாதி பொய், அந்தப் பாதிக்காக உடம்பைக் கொடுத்திருக்கிறேன். இப்போது பாலிகஞ்சில் பாதி வீட்டில் எனக்கென்று ஒரு காரத் தட்டு வருகிறது. விஜயதசமி அன்றைக்கு மட்டும் பௌதி வீட்டில் ஒரு சந்தேஷில் ஓர் ஓரம். டாக்டரம்மாவுக்குத் தெரியும். மறைப்பதை நிறுத்திவிட்டேன்.

இனி உன் உண்மையான பயத்துக்கு வருகிறேன். நீ சொல்லவில்லை, ஆனால் "கல்யாணம் முடியட்டும்" என்றாயே, அதில் எல்லாம் இருக்கிறது. தையில் கல்யாணம். இப்போது டாக்டரிடம் போனால் ஒரு காகிதம் வரும், காகிதம் வந்தால் பவித்ராவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் வீட்டில் என்ன சொல்வார்களோ. அதுவரை அம்மாவின் மாத்திரையை விழுங்கி முகூர்த்தத்தைத் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அதாவது இழை விட்ட இடம் உள்ளே, முந்தானை வெளியே. மகனே, அந்த மடிப்பை உனக்கு முன்னால் நான் மடித்திருக்கிறேன். உள்ளே போன இழை அங்கே சும்மா இருப்பதில்லை. ஒவ்வொரு துவைப்புக்கும் கிழிசல் பெரிதாகிறது.

இதை எழுத உட்கார வைத்ததே பவித்ராதான். அவளுக்கே தெரியாது. நேற்று அவளும் அவள் அம்மாவும் ரிசப்ஷன் புடவை பார்க்கக் கடைக்கு வந்தார்கள். அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு எடுத்து வைத்திருந்தேன், அந்தச் சாயம் மறுபடி வராது. அதன் உடலில் ஓரிடத்தில் ஓர் இழை விட்டிருந்தது எனக்குத் தெரியும். மருமகளுக்கு என்று எடுத்து வைக்கும்போதுகூட என் கை பழக்கத்தில் அந்த இடத்தை உள்ளே வைத்துத்தான் மடித்திருக்கிறது, பார்த்துக்கொள். அவள் அம்மா முந்தானையைப் பார்த்துவிட்டு, "பிரமாதம், பேக் பண்ணிடுங்க" என்றார். அந்தப் பெண் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தை விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "தாருண் கலர் அத்தை, அசத்துது. இருங்க, ஃபுல்லா பாத்துக்கறேன்." மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். ஆறு கஜமும். விரலைக் கீழே கொடுத்துத் தடவிக்கொண்டே வந்து, சரியாக அந்த இடத்தில் நிறுத்தினாள். "அத்தை, இங்க ஒரு இழை விட்டிருக்கு, பாத்தீங்களா?"

எனக்குக் காது சுட்டது. "வேற எடுத்துத் தர்றேம்மா. இதை வை." அவள் அம்மாவும், "கல்யாணத்துக்கு இது எதுக்குடி? வேற பாரு" என்றார். அவள் தலையை ஆட்டினாள். "போம்மா, இந்தக் கலர் எங்க கிடைக்கும்? எங்க இருக்குன்னு தெரிஞ்சிடுச்சில்ல? ரஃபூ பண்ற ஆள்கிட்ட கொடுத்து இப்பவே இழை கோத்துத் தச்சுடலாம். அப்பறம் கொசுவத்துக்குள்ள போயிடும். யாருக்கும் தெரியாது." என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள், "நான் கட்டும்போது மட்டும் பாத்துப் பதமா கட்டணும், அவ்வளவுதானே அத்தை? சொல்லாம வித்திருந்தீங்கன்னா, மேடையில இழுத்துக் கிழிச்சிருப்பேன்." சொல்லாமல்தான் விற்கப் பார்த்தேன் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை தம்பி. உன் சர்க்கரையைப் பந்தலில் மைக் வைத்துச் சொல்லச் சொல்லவில்லை. அத்தைமார்கள், ஆபீஸ், பக்கத்து வீடு, யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அது கொசுவத்துக்குள் இருக்கட்டும். ஆனால் கட்டுகிறவளுக்குத் தெரிய வேண்டும். முதலில் உனக்குத் தெரிய வேண்டும். நிஜமாக, டாக்டர் வாயால்.

ஆகவே சனிக்கிழமை காலை காளிகாட் மெட்ரோ வாசலுக்கு வா. டாக்டரம்மாவிடம் உனக்கு நேரம் வாங்கிவிட்டேன், லேபும் அதே சந்தில்தான். முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் தின்னாமல் வா. தண்ணீர் குடிக்கலாம், தாராளமாக. டீ வேண்டாம். அதுவரை எப்போதும் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிடு, மோர் வெள்ளரிக்காய் வித்தை எல்லாம் என்னோடு போகட்டும். எப்போதிலிருந்து தாகம், எவ்வளவு இளைத்தாய், எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று கேட்பார்கள். ஒன்றையும் உள்ளே மடிக்காமல் சொல். நான் கூட வருவேன், ஆனால் உள்ளே வரட்டுமா வேண்டாமா என்பதை நீ சொல். அப்பாவை மட்டும் உள்ளே விடாதே, தொண்டையைச் செருமிவிடுவார். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட இட்லியும் தக்காளிச் சட்னியும் டப்பாவில் இருக்கும். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால், அதே சந்தில் உன் காசில் எனக்கு ஒரு செருப்பு வாங்கித் தா, காலைக் கடிக்காததாக. இருக்கிறது என்று வந்தாலும் வாங்கித் தா. சேர்ந்து நடக்க வேண்டியிருக்கும்.

பவித்ராவிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன். அவள் என்ன சொல்வாளோ என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. இத்தனை வருஷம் புடவை விரித்துக் காட்டியவள் நான். வைத்துவிட்டுப் போகப்போகிறவள் கையையும் எடுத்துக்கொள்ளப்போகிறவள் கையையும் பார்த்தாலே எனக்குத் தெரியும். நேற்று அந்த இழை விட்ட இடத்தைக் கண்டுபிடித்த பிறகும், பேசி முடிக்கிறவரை, அந்தப் பெண் புடவையிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அம்மா